ஏட்டில் இருந்தால்தான் அசல்: குதிரையின் ‘தூய இனம்’ யார் கையில்?

தூய அரபுக் குதிரை என்றால் என்ன? உலக அரபுக் குதிரை அமைப்பு 1970-களில் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி, கடைசியில் ஒரே வரியில் ஒரு வரையறை எழுதியது. தான் ஒப்புக்கொண்ட தூய அரபுக் குதிரைப் பதிவேடுகளில் ஏதாவது ஒன்றில் இடம்பெற்றிருக்கும் குதிரையே தூய அரபுக் குதிரை. அவ்வளவுதான். குழிந்த முகம், தூக்கிய வால், பாலைவனப் பூர்வீகம் எதைப் பற்றியும் அதில் ஒரு சொல் கிடையாது.

முதல் தடவை படிக்கிறவருக்கு இது சுற்றிச் சுற்றி வந்து அதே இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். ஏட்டில் பெயர் இருப்பதால் குதிரை தூயது. நாங்கள் ஒப்புக்கொண்டதால் ஏடு தூயது. ஆனால் குதிரை உலகில் இதைவிட நேர்மையான வரையறையை நான் பார்த்ததில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் கொண்டுவந்த இனவிருத்தி ஒழுங்குமுறையும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது: இனப்பதிவேட்டின் முதன்மைப் பிரிவில் ஏறியது, அல்லது ஏறத் தகுதியோடு பதிவானது தூய இன விலங்கு. மாடு, ஆடு, பன்றி, குதிரை எல்லாவற்றுக்கும் இதே வாசகம்.

வேறு மாதிரி எழுத முடியாததற்குக் காரணம் உண்டு. எந்தக் குதிரையின் வம்சாவளியையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், ஒரு தலைமுறையில் ‘தாய் தெரியவில்லை’ என்று வந்து நின்றுவிடும். பத்துத் தலைமுறை பின்னால் போனாலே 1,024 மூதாதையர் இடங்கள் நிரம்ப வேண்டும். எல்லா இடத்திலும் ‘தூயது’ என்று எழுத வேண்டுமானால், அந்த 1,024 பேரும் தூயது என்று யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். எங்கேயோ ஒரு நாள் ஒருவர் கோடு போட்டு, இதற்கு முன்னால் இருந்தவற்றைக் கேள்வி கேட்க மாட்டோம், இதற்குப் பின்னால் வருகிறவை இவற்றின் வாரிசாக இருக்க வேண்டும் என்று அறிவித்தாக வேண்டும். அந்தக் கோட்டை எங்கே போட்டார்கள், அப்புறம் யாருக்காக அதைத் தள்ளிப் போட்டார்கள் என்பதுதான் ஒவ்வொரு இனத்தின் கதையும்.

முதல் பெரிய கோடு இங்கிலாந்தில் விழுந்தது. 1791-இல் ஜேம்ஸ் வெதர்பி என்பவர் பந்தயக் குதிரைகளின் வம்சாவளியைத் தொகுத்து வெளியிட்டார். ஜெனரல் ஸ்டட் புக் என்ற அந்த ஏடு இன்றுவரை அதே வெதர்பி நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. ரத்தத்தின் புனிதத்தைக் காக்க வந்த ஏடு என்று நினைத்துவிட வேண்டாம். பந்தயத்தில் பணம் புரண்டது. ஓடுகிற குதிரை எது, அதன் வயது என்ன, யாருக்குப் பிறந்தது என்பதில் புளுகும் சேர்ந்து புரண்டது. அதற்கு ஒரு கணக்குப் புத்தகம் தேவைப்பட்டது.

ஏடு வந்த பிறகும் புளுகு உடனே நின்றுவிடவில்லை. 1844-இல் எப்சம் டெர்பியில் ‘ரன்னிங் ரெயின்’ என்ற பெயரில் ஓடிய குதிரை முதலில் வந்தது. அது மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமான பந்தயம். ஜெயித்ததோ உண்மையில் ‘மக்காபியஸ்’ என்ற நான்கு வயதுக் குதிரை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துங்கள், பல்லைப் பார்க்கலாம் என்றபோது குதிரையையே காணோம். பரிசு இரண்டாவதாக வந்த ‘ஆர்லண்டோ’வுக்குப் போனது. இனப்பதிவேட்டின் அடிப்படை வேலை அன்றும் இன்றும் இதுதான்: உங்கள் முன்னால் நிற்கிற குதிரையும் காகிதத்தில் இருக்கிற குதிரையும் ஒன்றுதானா என்று பார்ப்பது. தூய்மை என்ற பேச்சு அதன்மேல் பிற்பாடு வந்து உட்கார்ந்தது.

வெதர்பியின் ஏட்டில் இருந்த குதிரைகளில் இன்றைய அர்த்தத்தில் தூய இனம் என்று ஒன்றுகூட இல்லை. அந்த ஏட்டிலிருந்து வந்த தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தின் தந்தைவழிக்கு மூன்று பேரைச் சொல்வார்கள்: பயர்லி டர்க், டார்லி அரேபியன், கடால்ஃபின் அரேபியன். மூன்றும் கீழை நாட்டிலிருந்து வந்தவை. டார்லி அரேபியன் 1704-இல் சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்தது. இன்றைய தரோபிரெட் ஆண்களில் சுமார் 95 சதவீதம் நேர் தந்தைவழியில் அந்த ஒரே குதிரையைப் போய்ச் சேர்கின்றன. தாய்வழியில் இப்படிப் பெயர் பெற்றவை குறைவு. ஏட்டில் பல பெண்குதிரைகள் இன்னாருடைய குதிரை என்ற அளவில்தான் வருகின்றன. தாய்வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பார்த்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. அந்த ஆரம்பத் தாய்களில் பிரிட்டன், அயர்லாந்தின் நாட்டுக் குதிரைகளுக்குக் கணிசமான பங்கு உண்டு என்று அது காட்டியது. கீழை நாட்டுத் தகப்பன், உள்ளூர்த் தாய்: அன்றைய கணக்கில் பச்சைக் கலப்பு. நூறு வருடம் கழித்து அந்தக் கலப்பே தூய்மைக்கு அளவுகோலாகிவிட்டது.

அந்த அளவுகோலை எவ்வளவு வசதியாக வளைக்க முடியும் என்பதற்கு ஜெர்சி சட்டம் என்று பெயர் வாங்கிய விதியைப் பார்க்க வேண்டும். பெயர்தான் சட்டம், நாடாளுமன்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஏட்டின் உள்விதி. 1908 வாக்கில் நியூயார்க் மாநிலம் பந்தயச் சூதாட்டத்துக்கு எதிராகக் கடுமையான சட்டம் போட, அமெரிக்கப் பந்தயத் தொழில் படுத்துவிட்டது. அங்கே விலைபோகாத குதிரைகள் ஆயிரக்கணக்கில் கப்பலேறின. பிரிட்டிஷ் வளர்ப்பாளர்களுக்குச் சந்தை நிரம்பிவிடுமே என்ற பயம். பிரிட்டனின் பந்தயங்களை நிர்வகித்த ஜாக்கி கிளப்பில் அப்போது பொறுப்பில் இருந்த லார்டு ஜெர்சியின் முயற்சியில் 1913-இல் புது விதி வந்தது: தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஒரு குறையுமில்லாமல் ஏட்டின் முந்தைய தொகுதிகளில் உள்ள குதிரைகளைப் போய்ச் சேர்ந்தால்தான் இனி இடம்.

அமெரிக்கக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இது நடக்காத காரியம். அங்கே ‘லெக்சிங்டன்’ என்று ஒரு பொலிகுதிரை. 1850-இல் பிறந்தது, 16 முறை அமெரிக்காவின் முதன்மைத் தகப்பன் என்ற இடத்தைப் பிடித்தது. அதன் ரத்தம் இல்லாத அமெரிக்கப் பந்தயக் குதிரையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் அதன் மூதாதையரில் சிலருக்கு இங்கிலாந்து ஏட்டில் வேர் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் எத்தனையோ பண்ணைகளின் காகிதங்களும் போய்விட்டன. ஒரே விதியில் ஒரு நாட்டின் பந்தயக் குதிரைகளில் பெரும்பகுதி ‘அரைக்கலப்பு’ ஆகிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1913-க்கு முன்பே ஏட்டில் ஏறிவிட்ட அமெரிக்கக் குதிரைகளை யாரும் இறக்கவில்லை. 1907 டெர்பியை ஜெயித்த ‘ஆர்பி’யின் தாய் அமெரிக்கப் பெண்குதிரை. அந்த வம்சம் தூயதாகவே தொடர்ந்தது. அதே மாதிரி ரத்தத்தோடு இரண்டு வருடம் தாமதமாகக் கப்பலேறிய குதிரை கலப்பு. விதி வந்த அடுத்த வருடமே, 1914-இல், அமெரிக்கத் தாய்க்குப் பிறந்த ‘டர்பர்’ என்ற பிரெஞ்சுக் குதிரை டெர்பியில் முதலில் வந்தது. உலகிலேயே பேர்பெற்ற தரோபிரெட் பந்தயத்தை, பிரிட்டிஷ் ஏட்டின்படி தரோபிரெட்டே இல்லாத குதிரை ஜெயித்துவிட்டது. பிரிட்டிஷ் ஏடு அசையவில்லை. 35 வருடம் அப்படியே இருந்தது.

கடைசியில் விதியை உடைத்தது தோல்விகள்தான். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிரான்சிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த ‘கலப்பு’கள் பிரிட்டனின் பெரிய பந்தயங்களை வரிசையாக அள்ள ஆரம்பித்தன, 1948-இல் செயின்ட் லெஜர் பந்தயத்தை ஜெயித்த ‘பிளாக் டார்க்வின்’ அமெரிக்காவில் பிறந்தது. 1949-இல் விதியைத் தளர்த்தினார்கள். புதிய வாசகம் ரசிக்கத்தக்கது. எட்டு ஒன்பது தலைமுறை தூய ரத்தத்தோடு இணைசேர்ந்ததைக் காட்ட வேண்டும், குறைந்தது ஒரு நூற்றாண்டு பின்னோக்கிப் போக வேண்டும், அதோடு அதன் நெருங்கிய குடும்பம் பந்தயத் திடலில் காட்டிய திறமை அதன் ரத்தத்தின் தூய்மையை நம்ப வைப்பதாக இருக்க வேண்டும். அதாவது, போதுமான அளவு ஜெயித்தால் ரத்தம் தூயதாகிவிடும்.

இன்று சர்வதேச அளவில் தரோபிரெட் ஏடுகள் பின்பற்றும் விதியும் அதன் பேரப்பிள்ளைதான். ஏட்டில் இல்லாத ஒரு பெண்குதிரையின் வாரிசுகள் தொடர்ந்து எட்டுத் தலைமுறை தரோபிரெட்டோடு இணைசேர்ந்து, பந்தயத்திலும் திறமை காட்டி, சர்வதேசக் குழுவும் ஒருமனதாக ஒப்புக்கொண்டால், அந்த எட்டாவது குட்டி தரோபிரெட். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறைந்து, எட்டாவதில் அந்த முதல் பெண்குதிரையின் பங்கு 256-இல் ஒன்று, 0.4 சதவீதத்துக்கும் கீழே. இது சராசரிதான், மரபணு சீட்டுக்குலுக்கல் மாதிரி இறங்குவதால் சில குட்டிகளிடம் அவளுடையது அறவே இல்லாமலும் போகலாம். ஆனாலும் ஏழாவது தலைமுறைக் குட்டி கலப்பு, எட்டாவது தூயது. இதற்கு ஆகும் காலம் ஏறக்குறைய எண்பது வருடம். விதி இருக்கிறது என்பதைவிட, இதன் வழியாக வருகிறவை எவ்வளவு சொற்பம் என்பதுதான் முக்கியம். தரோபிரெட் ஏடு பூட்டிய வீடு. எட்டுத் தலைமுறை என்பது கூரையில் இருக்கும் ஒரு சின்ன ஓட்டை.

சரி, பூட்டிய வீட்டுக்குள் பிறந்த குட்டி எப்படி உள்ளே பிறந்தது என்று நிரூபிக்கிறது? நடைமுறையில் வேலை குட்டி பிறப்பதற்குப் பதினோரு மாதம் முன்னாலேயே ஆரம்பிக்கிறது. பொலிகுதிரையின் சொந்தக்காரர் அந்தப் பருவத்தில் அது எந்தெந்தப் பெண்குதிரைகளோடு, எந்தத் தேதிகளில் சேர்ந்தது என்று ஏட்டை நடத்தும் சங்கத்துக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும். குட்டி பிறந்ததும் பெண்குதிரையின் சொந்தக்காரர் விண்ணப்பிப்பார். இரண்டு காகிதத்தின் தேதிகளும் ஒத்துப்போக வேண்டும். அப்புறம் அடையாளப் படம். குதிரையின் இரு பக்கம், முகம், கால்கள் அச்சடித்த வெற்றுப் படத்தில் வெள்ளைத் திட்டுகளை வரைந்து, சுழிகள் இருக்கும் இடத்தில் குறி போடுவார்கள். நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலேயா கீழேயா, கழுத்துச் சுழி பிடரியிலிருந்து எவ்வளவு தூரம் என்பது வரை பதிவாகும். நிறம் வயதோடு மாறும், சாம்பல் குதிரை வெளுத்தே போகும், சுழி மாறாது. இப்போது இதோடு கழுத்தின் இடப்பக்கத் தசைநாரில் ஒரு மைக்ரோசிப்பும் போய்விடுகிறது. அமெரிக்கத் தரோபிரெட் ஏட்டை வைத்திருக்கும் அமெரிக்க ஜாக்கி கிளப் 2017 முதல் பிறந்த குட்டிகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது.

பிறகு வேரோடு பிடுங்கிய கொஞ்சம் பிடரி மயிர் ஆய்வகத்துக்குப் போகும். அங்கே குதிரையின் மரபணுத் தொகுப்பில் பத்துப் பதினைந்து குறிப்பிட்ட இடங்களைப் பார்ப்பார்கள். விஎச்எல்20 என்பது அப்படி ஓர் இடம். அங்கே இருக்கக்கூடிய வடிவங்களுக்கு எழுத்துகளால் பெயர். குட்டியிடம் எம், என் என்று இரண்டு வடிவம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாயிடம் ஐ, எம். அப்படியானால் எம் தாயிடமிருந்து வந்தது. என் தகப்பனிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். காகிதத்தில் தகப்பன் என்று எழுதியிருக்கும் குதிரையிடம் இருப்பதோ எல், ஆர். ஒத்துவரவில்லை. ஓர் இடத்தில் மட்டும் இப்படி என்றால் திடீர் மாற்றமாக இருக்கலாம் என்று மேலும் பார்ப்பார்கள். இரண்டு மூன்று இடத்தில் உதைத்தால் விஷயம் முடிந்தது, குட்டிக்கு வேறு தகப்பன்.

இந்தச் சோதனை எதைச் சொல்கிறது என்பதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். டிஎன்ஏ பார்த்துத் தூய இனம் என்று சான்றிதழ் தந்தார்கள் என்பார்கள். ஆய்வகம் அப்படி எதுவும் சொல்வதில்லை. இந்தக் குட்டி, ஏட்டில் உள்ள இந்த இரண்டு குதிரைகளுக்குப் பிறந்ததாக இருப்பதற்குத் தடையொன்றும் தெரியவில்லை என்பதோடு அது நிறுத்திக்கொள்ளும். அந்த இரண்டும் தூயது என்பது ஏட்டின் பொறுப்பு. நூறு வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் தகப்பன் பெயரை மாற்றி எழுதியிருந்தால், இன்றைய சோதனை அந்தத் தவறைத் துல்லியமாக அடுத்த தலைமுறைக்குக் கடத்திக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் தரோபிரெட்டுகளுக்கு ரத்த வகைச் சோதனை 1987-இலும் டிஎன்ஏ சோதனை 2001-இலும்தான் வழக்கமாயின. அதற்கு முன்னால் இருந்த இரு நூற்றாண்டுக்குச் சாட்சி நம்பிக்கை மட்டும்தான்.

அரபுக் குதிரை விஷயத்தில் இந்த நம்பிக்கைக்கே ஒரு நடைமுறை இருந்தது. பாலைவன நாடோடிகளான பெதுவின் மக்களிடையே குதிரையின் குலம் தாய்வழியாக இறங்கும்: குஹைலான், சக்லாவி, ஹம்தானி, ஹத்பான், உபையான். விற்கும்போது, இது இன்ன குலம், கலப்பில்லாதது என்று அறிந்தவர்கள் சாட்சி சொல்லி முத்திரை வைப்பார்கள். அந்தப் பத்திரத்துக்கு ஹுஜ்ஜா என்று பெயர். ஐரோப்பாவிலும் எகிப்திலும் அமெரிக்காவிலும் உருவான அரபு ஏடுகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட சாட்சியத்தின் மேல் எழுந்தவை. ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டு ஏட்டைச் சந்தேகிப்பது பெரிய பொழுதுபோக்காகவே இருந்தது. உலகப் போர்களில் போலந்து, ஹங்கேரிப் பண்ணைகள் சிதறியபோது ஆவணங்களும் சிதறின. எல்லாரும் எல்லாருடைய பாட்டிகளையும் விசாரிக்க ஆரம்பித்தால் ஒரு குதிரையும் மிஞ்சாது. ஆகவேதான் ஏடுகளை ஒப்புக்கொள்வோம், ஏட்டில் இருப்பதை ஒப்புக்கொள்வோம் என்ற அந்த ஒற்றை வரி. இதில் திருப்தியில்லாதவர்கள் தனி வட்டம் போட்டுக்கொண்டார்கள். அமெரிக்காவின் அல் கம்சா அமைப்பு, பெதுவின் வளர்த்த குதிரைகளை எல்லா வழியிலும் போய்ச் சேர்பவற்றை மட்டும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. தூயதற்குள்ளும் மேலும் தூயது. 2020-இல் வந்த மரபணு ஆய்வு ஒன்று, பந்தயத்துக்கு வளர்க்கப்படும் அரபு வம்சங்கள் சிலவற்றில் சமீப காலத்துத் தரோபிரெட் கலப்பு தெரிகிறது என்றது. அதற்காக அந்தக் குதிரைகளின் பதிவு போய்விடவில்லை. ஏட்டில் இருந்தால் இருந்ததுதான்.

இவ்வளவு நேரம் பூட்டிய ஏடுகள். அமெரிக்கக் குவார்ட்டர் குதிரை கதை வேறு. 1940-இல் டெக்சாஸில் சங்கம் தொடங்கியபோது, கால் மைல் ஓட்டத்துக்கும் மாடு மேய்ப்பதற்கும் ஏற்ற உடல்வாகுதான் முதலில் பார்க்கப்பட்டது. பதிவு எண் 1-ஐ யாருக்கும் தராமல் வைத்திருந்து, 1941 ஃபோர்ட்வொர்த் கண்காட்சியில் வெல்லும் பொலிகுதிரைக்கு என்று அறிவித்தார்கள். அது கிங் பண்ணையின் ‘விம்ப்பி’க்குப் போனது. ஓர் இனத்தின் முதல் பதிவே போட்டியில் கிடைத்த பரிசு! தரோபிரெட்டுக்கு அங்கே கதவு இன்றும் திறந்திருக்கிறது. ஒரு பெற்றோர் குவார்ட்டர், இன்னொன்று தரோபிரெட் என்றால் குட்டி பிற்சேர்க்கைப் பிரிவில் ஏறும். போட்டியில் தகுதி காட்டினால் நிரந்தர எண் கிடைக்கும். ‘த்ரீ பார்ஸ்’ என்ற தரோபிரெட் பொலிகுதிரையின் பெயர் இன்றைய குவார்ட்டர் வம்சாவளிகளில் திரும்பத் திரும்ப வருவது இப்படித்தான்.

ஆனால் இதே தாராளச் சங்கம், அளவுக்கு மீறி வெள்ளைத் திட்டு இருந்தால் குட்டியைச் சேர்க்க மாட்டேன் என்று பல பத்தாண்டு பிடிவாதமாக இருந்தது. தாய் தகப்பன் இரண்டும் எண் வாங்கிய குவார்ட்டர். குட்டியின் வயிற்றில் வெள்ளை ஏறிவிட்டால் அது இனத்தில் சேராது. அப்படி ஒதுக்கப்பட்ட குதிரைகளை வைத்து வேறு ஆட்கள் 1960-களில் தனிச் சங்கம் கட்டினார்கள். அமெரிக்கன் பெயின்ட் குதிரை இனம் அப்படி வளர்ந்ததுதான். டிஎன்ஏ சோதனை வந்து பெற்றோரைச் சந்தேகமில்லாமல் காட்ட முடிந்த பிறகு வெள்ளை விதிக்கு அர்த்தமில்லாமல் போக, 2004-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

அமெரிக்காவிலேயே வண்டிப் பந்தயக் குதிரையான ஸ்டாண்டர்ட்பிரெட் இனத்துக்குப் பெயர் வந்த வழி இன்னும் பச்சையானது. 1879-இல் வைத்த தரம், ஒரு மைலை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட்டநடையில் கடப்பது. கடிகாரம்தான் வாசல்காரன். பாலோமினோ போன்ற நிறப் பதிவேடுகள் எதிர்க்கோடி. பொன்னிறம் இருந்தால் போதும் என்கிறார்கள். ஆனால் அந்த நிறம் ஒரு மரபணுவின் ஒற்றைப் பிரதியால் வருவது. இரண்டு பாலோமினோவைச் சேர்த்தால் சராசரியாகப் பாதிக் குட்டிகள்தான் பாலோமினோ. கால்வாசி செவலை, கால்வாசி கிட்டத்தட்ட வெள்ளை. எனவே அதை இனம் என்று சொல்வது எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. நிறத்துக்கான சான்றிதழ் என்றால் பொருந்தும்.

சவாரி விளையாட்டுகளுக்கு வளர்க்கப்படும் ஜெர்மானிய வார்ம்பிளட் குதிரைகளின் சங்கங்கள்தான் ‘தூய இனம்’ என்ற சொல்லையே ஏறக்குறைய ஓரம் கட்டியவை. ஹனோவேரியன் என்பது ஹனோவேரியன் சங்கம் தேர்ந்தெடுத்த குதிரை. தகப்பன் ஹோல்ஸ்டைனராகவோ தரோபிரெட்டாகவோ இருக்கலாம். ஆனால் சங்கத்தின் தேர்வுக்குழு முன்னால் நடந்து, ஓடி, தாண்டிக் காட்டி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அதற்குக் கொயருங் என்று பெயர். அதைத் தாண்டினாலும் பொலிகுதிரை பின்னர் சவாரித் தேர்வையும் ஜெயிக்க வேண்டும். நல்ல வம்சாவளி உள்ளே விடாது, வாசல்வரை வர மட்டும்தான் உதவும். பெற்றோர் இரண்டு சங்கங்களிலும் ஏற்கப்பட்டவை என்றால், ஒரே குட்டி எங்கே பதிவாகிறதோ அதைப் பொறுத்து ஹனோவேரியனாகவோ ஓல்டன்பர்க்காகவோ ஆகலாம். பக்கத்திலேயே ட்ராகேனர் சங்கம், தரோபிரெட், அரபு, அவற்றின் கலப்புகளைத் தவிர வேறு ரத்தத்தை விடுவதில்லை. பாதி திறந்த கதவு. ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் வார்ம்பிளட்கள் கோலோச்சுவதைப் பார்க்கும்போது, வேலைக்கு ஆகும் குதிரை வேண்டுமென்றால் இந்த முறைதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

தூய்மை ரத்தத்தில் இல்லை, விதியில் இருக்கிறது என்பதைக் கருவூட்டல் தகராறு போல வேறெதுவும் காட்டாது. தரோபிரெட் குட்டி இயற்கையான சேர்க்கையில் பிறந்தாக வேண்டும். அதே இரண்டு பெற்றோரின் குட்டி செயற்கைக் கருவூட்டலில் பிறந்தால், டிஎன்ஏயில் ஒரு எழுத்து வித்தியாசம் இல்லாவிட்டாலும் அது தரோபிரெட் கிடையாது. ஆஸ்திரேலியாவில் ஒருவர் இது வணிகத்தைத் தடுக்கிற விதி என்று வழக்குப் போட, 2012-இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அமெரிக்காவில் குவார்ட்டர் சங்கம் குளோன்களைப் பதிய மறுத்ததற்கு எதிரான வழக்கில் 2013-இல் நடுவர் குழு வளர்ப்பாளர்கள் பக்கம் நின்றது. 2015-இல் மேல்முறையீட்டில் சங்கம் ஜெயித்தது. பதிவான குதிரையின் குளோனைவிட ‘அதே ரத்தம்’ எது இருக்க முடியும்? ஆனால் சங்கம் கேட்பது ஒரு தாய், ஒரு தகப்பன். குளோனுக்கு இருப்பதோ ஒரே ஒரு மூலம். விதி விதிதான். போலோ ஆட்டக்காரர்கள் இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. 2016-இல் அர்ஜென்டினாவின் பலெர்மோ இறுதிப்போட்டியில் அடோல்ஃபோ காம்பியாசோ ‘குவார்த்தெத்தெரா’ என்ற ஒரே பெண்குதிரையின் ஆறு குளோன்களில் மாறி மாறி ஏறி ஆடினார்.

பூட்டிய வீட்டுக்குள் சொந்தத்தில் சம்பந்தம் வைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பது வளர்ப்பாளர்களுக்குத் தெரியாததில்லை. நெதர்லாந்தின் ஃப்ரீஷியன் ஏடு 1879-இல் தொடங்கியது. 1913-க்குள் அதில் மிஞ்சியவை மூன்று பொலிகுதிரைகள். கருப்பைத் தவிர வேறு நிறம் கூடாது. நெற்றியில் சின்ன நட்சத்திரத்துக்கு மேல் வெள்ளை கூடாது. செவலை மரபணுவை மறைவாகச் சுமக்கும் ஆண்களைக்கூட வடிகட்டிவிடுகிறார்கள். இன்று குள்ளத்தன்மையும், மூளையில் நீர் கோத்துப் பிறக்கும் குட்டிகளும் அந்த இனத்தின் தெரிந்த பிரச்சினைகள். இரண்டுக்கும் மரபணுச் சோதனை இருக்கிறது. அரபுக் குதிரையில் நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கும் குட்டிகள் உண்டு. அந்தக் குறையின் மரபணுவை மறைவாகச் சுமக்கும் இரண்டு பெற்றோர் சேர்ந்தால் நான்கில் ஒன்று அப்படிப் பிறக்க வாய்ப்பு. பிரபலமான ஒரு பொலிகுதிரைக்கு அளவில்லாமல் இணை சேர்ப்பதைக் கட்டுப்படுத்த அமெரிக்க ஜாக்கி கிளப், வருடத்துக்கு 140 பெண்குதிரை என்று 2020-இல் வரம்பு வைத்தது. பண்ணைக்காரர்கள் வழக்கோடு வந்தார்கள். 2022-இல் வரம்பு வாபஸ்.

சில சங்கங்கள் ஏட்டையே மருந்தாகப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கின்றன. 1969-இல் பிறந்த ‘இம்ப்ரெசிவ்’ என்ற குவார்ட்டர் பொலிகுதிரை, உருண்டு திரண்ட தசைகளால் கண்காட்சிகளைக் கலக்கியது. அதன் வாரிசுகளில் திடீரென்று தசை நடுங்கிக் குதிரை விழும் நோய் வந்தது. பொட்டாசியம் சம்பந்தப்பட்ட அந்த நோய்க்கான மரபணுவை இரண்டு பிரதிகள் சுமக்கும் குட்டி, 2007 முதல் பிறந்ததாக இருந்தால், பதிவு பெற முடியாது. பெற்றோர் இருவரும் எண் வாங்கியவர்கள், டிஎன்ஏ ஒத்துப்போகிறது, வம்சாவளியில் ஓட்டையில்லை. இருந்தும் குவார்ட்டர் குதிரை இல்லை. ஒரு பிரதி மட்டும் இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள், காகிதத்தில் குறிப்போடு.

மங்கோலியாவின் காட்டுக் குதிரையான ப்ரெவால்ஸ்கிக்கும் 1959 முதல் சர்வதேசப் பதிவேடு உண்டு. பிராகா விலங்குக் காட்சிசாலை அதைப் பராமரிக்கிறது. 1960-களின் முடிவில் காட்டில் கடைசிக் குதிரையும் மறைந்த பிறகு, விலங்குக் காட்சிசாலைகளில் வளர்ந்த வம்சம் மட்டுமே மிஞ்சியது. அதற்கு அடித்தளமான குதிரைகள் பன்னிரண்டு பதின்மூன்றுதான். அவற்றில் ஒன்று, ஜெர்மனியின் ஹாலே நகரில் சேர்க்கப்பட்ட வீட்டு மங்கோலியப் பெண்குதிரை. அவளுடைய ரத்தம் உள்ள வம்சத்தையும் இல்லாத வம்சத்தையும் கொஞ்ச காலம் தனித்தனியாக வைத்துப் பார்த்தார்கள். ஆனால் இத்தனை சின்னக் கூட்டத்தை இரண்டாகப் பிரித்தால் இரண்டுமே நலிந்துவிடும். சேர்த்தே வளர்ப்பது என்று முடிவானது. 1992 முதல் மங்கோலியப் புல்வெளிக்குத் திரும்பிய மந்தைகள் அந்தப் பதிவேட்டிலிருந்து போனவை. ஹாலே பெண்குதிரையின் பதிவு இன்றும் அதில் அப்படியே இருக்கிறது.